இன் பண்ணின சட்டை உள்ளேயே நிற்க

போடிநாயக்கனூரில் ஏலக்காயில் காசு பார்த்தவர்கள் பெரும்பாலும் சட்டையை வெளியேதான் விடுகிறார்கள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மேல்பையில் மடித்த காகிதமும் ஒரு பேனாவும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் உட்கார்ந்து லட்சக்கணக்கில் சரக்கு எடுப்பவரிடம் போய் யாரும் சட்டையை இன் பண்ணச் சொல்வதில்லை. அவரிடம் சம்பளம் வாங்கும் பையனுக்குத்தான் அந்தச் சட்டம். ஆகவே இந்த அத்தியாயம் முதலாளிகளுக்கு அல்ல. தேனி ஜவுளிக்கடையில் மேல்தட்டுப் புடவையை எட்டி எடுப்பவர், நிதி நிறுவனத்தில் வசூலுக்குப் போகிறவர், மருந்து கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறை வாசலில் நிற்பவர், வங்கி வாசலில் செக்யூரிட்டி, அரசு பொறியியல் கல்லூரியிலோ சி.பி.ஏ. கல்லூரியிலோ கடைசி வருடம் படித்து முதல் நேர்காணலுக்குத் தயாராகிறவர், இவர்களுக்கானது.

பொட்டிபுரம், ராமகிருஷ்ணாபுரம், குப்பனாசாரிப்பட்டி பக்கத்துப் பையன்களுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாயில் நியூட்ரினோ ஆய்வகத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதற்காகப் பக்கத்து அம்பரப்பர் மலையைக் குடையப் போகிறார்கள் என்ற பேச்சும் எதிர்ப்பும் ஊரைச் சுற்றிச் சுழன்ற வருடங்களில், சட்டையை இன் பண்ணிக்கொண்டு ஜீப்பிலிருந்து இறங்குகிறவர் என்றால் அளக்க வந்தவர் என்றுதான் கண் போகும். அப்படிப்பட்ட ஊரில் சொந்தப் பையன் ஒருவன் காலையில் இன் பண்ணிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். பஸ் தேனி போய்ச் சேர்வதற்குள் சட்டை பாதி வெளியே வந்து கிடந்தால்தான் பிரச்சினை. கேலிக்குக் கேலி, வேலைக்கு வேலையும் கெட்டது.

ஏன் வெளியே வருகிறது

தளர்ந்து தொங்குவதால் சட்டை வெளியே வருகிறது என்று பலர் நினைத்து பெல்ட்டை இறுக்குகிறார்கள். வயிறு வலிப்பதுதான் மிச்சம். சட்டையை மேலே இழுப்பது கை. கையைத் தூக்கும்போது தோள்பட்டை ஏறுகிறது. அக்குளுக்குக் கீழே இருக்கும் துணி அதோடு ஏறுகிறது. பக்கவாட்டுத் துணி பெல்ட்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வருகிறது. கை கீழே இறங்கும். துணி இறங்காது, ஏனென்றால் அதைக் கீழே தள்ள எதுவும் இல்லை. பஸ்ஸில் மேல் கம்பியைப் பிடிப்பது, கடையில் மேல்தட்டை எட்டுவது, போக்குவரத்துக் காவலர் கை காட்டுவது எல்லாம் ஒரே கதைதான். இதுபோல ஒரு நாளைக்கு எத்தனை தடவை கை மேலே போகிறதோ, அத்தனை தடவையும் ஒரு விரற்கடை துணி வெளியே வந்து இடுப்பைச் சுற்றிப் பை கட்டிக்கொள்கிறது.

குனிவது இரண்டாவது காரணம். குனியும்போது முதுகு நீள்கிறது, பேண்ட்டின் பின்பக்கம் கீழே நழுவுகிறது. சட்டை ஒரு பக்கம், பேண்ட் மறுபக்கம். பைக்கில் முன்னால் சாய்ந்து உட்காருகிறவர்களுக்கு முதுகுப் பக்கம் மட்டும் வெளியே வருவது இதனால்தான்.

ஆகவே துணியை அசையாமல் பிடித்து வைப்பது முழுத் தீர்வாகாது. அசையவே விடாமல் பிடித்தால் கையைத் தூக்கும்போது தோள் தையல் கிழியும். துணி ஏற வேண்டும், கை இறங்கியதும் அதைத் திரும்பக் கீழே இழுத்துக்கொள்ள ஏதாவது வேண்டும். கடையில் எந்தப் பொருளைக் காட்டினாலும் இந்தக் கேள்வியை வைத்துப் பாருங்கள்: இது பிடிக்கிறதா, திருப்பி இழுக்கிறதா?

முதலில் தையல்காரரிடம் போங்கள்

கிளிப்பும் பட்டியும் வாங்குவதற்கு முன்னால் சட்டையைப் பாருங்கள். இப்போது ரெடிமேடில் வரும் சட்டைகளில் பாதி வெளியே விடுவதற்காகவே வெட்டப்பட்டவை: நீளம் குறைவு, கீழ் ஓரம் நேராக இருக்கும். அதை இன் பண்ணினால் எந்த உபகரணமும் காப்பாற்றாது. இன் பண்ணுகிற சட்டை பின்பக்கம் முழுவதையும் மூடித் தொடை தொடங்கும் இடம் வரை வர வேண்டும். நடுத்தர உயரக்காரருக்கு 29 முதல் 31 இஞ்ச் நீளம். கீழ் ஓரம் ஆப்பிள் கட்டாக, அதாவது முன்னும் பின்னும் இறங்கிப் பக்கவாட்டில் ஏறி இருந்தால் நல்லது. தொடைப் பக்கத்தில் துணி சுருண்டு குவியாது, முன்னும் பின்னும் பிடிமானத்துக்கு நீளம் கிடைக்கும்.

நீளத்தைவிட முக்கியமானது கைக்குழி. நம் ஊரில் 'ஃப்ரீயா இருக்கட்டும்' என்று சொல்லிச் சொல்லியே கைக்குழியை ஆழமாக வெட்ட வைத்துவிட்டோம். ஆழமான கைக்குழி என்றால் கையைத் தூக்கும்போது சட்டை உடம்பு முழுக்க மேலே வரும். அக்குளுக்கு ஒட்டிய கைக்குழியில் கை மட்டும் ஏறும், உடம்புத் துணி அவ்வளவாக அசையாது. தையல்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, இது இன் பண்ற சட்டை. நீளம் ஒரு இஞ்ச் இறக்கி வைங்க, கைக்குழியைக் கொஞ்சம் மேலே ஏத்துங்க." சட்டையை வாங்கும்போது அங்கேயே இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுங்கள். அப்போதும் கீழ் ஓரம் பெல்ட்டுக்கு நாலு விரல் கீழே இருந்தால் தேறியது. இல்லையென்றால் அதை ஞாயிற்றுக்கிழமைச் சட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பேண்ட்டைப் பொறுத்தவரை ஒரே வார்த்தை: லோ ஹிப் வேண்டாம். தொப்புளுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பேண்ட்டில் சட்டையின் அதிக நீளம் உள்ளே இருக்கும். தைக்கக் கொடுக்கும்போதே இடுப்புப் பட்டியின் உள்பக்கம் கிரிப்பர் வைக்கச் சொல்லுங்கள். ரப்பர் கோடுகள் ஓடும் நாடா அது. நல்ல ரெடிமேட் பேண்ட்களில் முன்பே வருகிறது. பழைய பேண்ட்டிலும் வைத்துத் தைக்கலாம். பருத்திச் சட்டையில் கிரிப்பர் நன்றாகப் பிடிக்கும், வழவழப்பான பாலியஸ்டரில் பாதிதான். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவருக்கு இத்தனையே போதும். மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை.

காசில்லாத மடிப்பு

சட்டை நீளம் சரி, ஆனால் அகலம் அதிகம், இடுப்பில் பலூன் மாதிரி உப்புகிறது என்றால் என்.சி.சி. பையன்களைக் கேளுங்கள். பக்கவாட்டுத் தையலில் மிச்சமிருக்கும் துணியைக் கிள்ளிப் பிடித்து, முதுகுப் பக்கமாகத் தட்டையாக மடித்து, அந்த மடிப்போடு பேண்ட்டுக்குள் விட்டு பெல்ட் போட வேண்டும். முன்னால் துணி விறைப்பாக நிற்கும், உப்பல் முழுக்க பின்பக்கம் மறைந்துவிடும். கூடவே இன்னொன்றும் பாருங்கள்: சட்டைப் பட்டன் வரிசை, பெல்ட் பக்கிளின் ஓரம், பேண்ட் ஜிப்பின் மூடி, மூன்றும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். காவல்துறையிலோ படையிலோ சேர நினைப்பவர்கள் இதை இப்போதே பழகிக்கொள்வது நல்லது. ஆனால் மடிப்பு அகலத்துக்குத்தான் மருந்து. மேலே ஏறுவதை அது தடுக்காது.

உபகரணங்கள்

துணியைக் கட்டி இழுத்துவைக்கும் சின்னச் சாமான்களில் பெரிய மனிதர்களும் தலையைக் கொடுத்திருக்கிறார்கள். 1871 டிசம்பர் 19 அன்று அமெரிக்காவில் 121,992 என்ற எண்ணுள்ள காப்புரிமை ஒன்று வழங்கப்பட்டது: உடைகளை இறுக்கவும் தளர்த்தவும் கழற்றவும் கூடிய ஒரு பட்டி. வாங்கியவர் பெயர் சாமுவேல் கிளெமென்ஸ். எழுத்தாளர் மார்க் ட்வைன் என்றால் உங்களுக்குத் தெரியும். தோளில் மாட்டும் சஸ்பெண்டர் பட்டிகள் அவருக்குப் பிடிக்காது, அதற்கு மாற்றாக இதை யோசித்தார். ஆண்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. அந்தப் பட்டியின் கொக்கி கடைசியில் பெண்களின் உள்ளாடையில் போய் நிலைத்தது.

நமக்குத் தேவையானவை மூன்று வகை. இணையத்தில் 'ஷர்ட் ஸ்டே' என்றோ 'ஷர்ட் கார்ட்டர்' என்றோ தேடினால் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். போடிக் கடைகளில் தேடி அலைய வேண்டாம்.

முதலாவது கால் வழியாகப் போகும் எலாஸ்டிக். அமெரிக்க மரைன் படையினர் சீருடைக்குள் போடுவது இதைத்தான். கவட்டை வடிவத்தில் இருக்கும்: மேலே இரண்டு கிளிப், ஒன்று சட்டையின் முன் ஓரத்துக்கு, இன்னொன்று பின் ஓரத்துக்கு, கீழே ஒரு கிளிப் சாக்ஸுக்கு. ஒரு காலுக்கு ஒன்றாக இரண்டு வேண்டும். கை ஏறும்போது எலாஸ்டிக் நீள்கிறது, இறங்கியதும் சட்டையைக் கீழே இழுத்துக்கொள்கிறது. மேலே நான் வைத்த கேள்விக்கு முழு விடை இதுதான். சாக்ஸும் நழுவாமல் நிற்பது இனாம். சாக்ஸுக்குப் பதில் பாதத்தைச் சுற்றி வளையம் போடும் ரகமும் உண்டு. அது பிடிப்பு அதிகம், ஆனால் ஷூவுக்குள் உள்ளங்காலை அறுக்கும். நாள் முழுக்க நிற்பவர் தவிர்க்கலாம்.

இரண்டாவது தொடைப் பட்டி. தொடையைச் சுற்றி ஒரு எலாஸ்டிக் பட்டி, அதிலிருந்து மேலே போகும் இரண்டு மூன்று கிளிப். கணுக்கால் சாக்ஸ் போடுகிறவர்களுக்கும், பேண்ட்-சட்டைச் சீருடை அணியும் பெண்களுக்கும் இது தோது. தொல்லை என்னவென்றால், தளர்ந்தால் பட்டி முழங்கால் வரை இறங்கிவிடும், இறுக்கினால் தடம் பதியும். காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்கள், சர்க்கரை நோயாளிகள் இதைத் தொட வேண்டாம். விளிம்பு மட்டும் இறுக்கிப் பிடிக்கும் சாக்ஸும் அவர்களுக்கு ஆகாது. கிரிப்பரோடு நின்றுகொள்ளலாம்.

மூன்றாவது இடுப்புப் பட்டி. உள்பக்கம் ரப்பர் புள்ளிகள் உள்ள அகல எலாஸ்டிக். சட்டைக்கு மேலே, பேண்ட்டுக்கு உள்ளே, பெல்ட்டுக்குச் சற்றுக் கீழே கட்டிக்கொள்வது. போடுவதும் கழற்றுவதும் சுலபம். பெரியவர்கள் வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டை இடுப்பில் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதுமல்ல. ஆனால் இது பிடிக்கும் ரகம், திருப்பி இழுக்காது. கையை அதிகம் தூக்காத வேலைக்குச் சரி. காந்தக் கிளிப் என்று விற்பதையும் பார்த்திருப்பீர்கள். மெல்லிய துணிக்கு ஏதோ பரவாயில்லை, பைக்கில் போகிறவருக்குப் பயன் இல்லை.

என் தீர்ப்பைக் கேட்டால்: ஜவுளிக்கடைக்காரரும் செக்யூரிட்டியும் கவட்டை வகையை வாங்குங்கள். வசூலுக்கு பைக்கில் சுற்றுகிறவர் இடுப்புப் பட்டி வாங்குங்கள்.

கவட்டை வகையை நீங்களே செய்துகொள்ளலாம்

தையல் சாமான் கடையில் முக்கால் இஞ்ச் அகல எலாஸ்டிக்கும், குழந்தைகளின் சஸ்பெண்டருக்கு வைக்கும் கிளிப்புகள் ஆறும் கேட்டு வாங்குங்கள். கிளிப்பின் பல் உலோகமாக இருந்தால் பாலி-காட்டன் சட்டை கிழியும். பிளாஸ்டிக் அல்லது ரப்பர் பதித்த வாய் உள்ளதாகப் பாருங்கள். சட்டை, சாக்ஸ் போட்டு நேராக நின்று, சட்டை ஓரத்திலிருந்து கெண்டைக்கால் நடுவில் இருக்கும் சாக்ஸ் விளிம்பு வரை அளக்கச் சொல்லுங்கள். கிளிப்பின் நீளத்தைக் கழித்து, மிச்சத்தில் முக்கால் பங்கு எலாஸ்டிக் வெட்டினால் போதும். நடுவே, முழங்காலுக்கு மேலே, முன், பின் கிளிப்புகளிலிருந்து இறங்கும் இரண்டு துண்டுகளும் சேருமிடத்தை இரண்டு தையல் அதிகம் போட்டு முடியுங்கள். நீளம் கூட்டிக் குறைக்க உள்ளாடைப் பட்டியில் இருக்கும் சின்ன வளையம் ஒன்றைக் கோத்துக்கொண்டால் சாக்ஸ் மாறினாலும் கவலையில்லை.

போடும் வரிசை முக்கியம். பனியன், ஜட்டி, சட்டை, எல்லாப் பட்டனும் போட்டு, பிறகு சாக்ஸ், பிறகு எலாஸ்டிக், கடைசியில் பேண்ட்டும் ஷூவும். கிளிப்பை ஒற்றைத் துணியில் மாட்டாதீர்கள், மடித்துத் தைத்த ஓரத்தில் மாட்டுங்கள். பின் கிளிப் தொடையின் வெளிப்பக்கமாகத் தள்ளி இருக்கட்டும். நேர் பின்னால் மாட்டினால் உட்காரும்போது அதன் மேலேயே உட்காருவீர்கள். மாட்டியபின் காலர் தொண்டையை நெரிப்பது போலிருந்தால் பின் எலாஸ்டிக் அதிகம் இழுக்கிறது என்று பொருள், அதைத் தளர்த்துங்கள். சும்மா நிற்கும்போதே தோளில் பாரம் தெரிந்தால் மொத்தமும் இறுக்கம். பென்சில் மாதிரி ஒட்டும் பேண்ட் போட்டால் கிளிப் புடைத்துத் தெரியும். அதற்கு வழி பேண்ட்டை மாற்றுவதுதான்.

விற்பவர் யாரும் சொல்லாத ஒன்று கழிப்பறை. இந்திய முறைக் கழிப்பறையில் குந்தி உட்காரும்போது பின் ஓரம் எலாஸ்டிக்கால் கீழே இழுபட்டே நிற்கும். சட்டை அழுக்காகாமல் இருக்க வேண்டுமென்றால் உட்காருவதற்கு முன் பின் கிளிப் இரண்டையும் கழற்றி, சட்டையை முன்னால் சுருட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கழற்றும்போது கையை விட்டுவிடாதீர்கள், எலாஸ்டிக் சுள்ளென்று அடிக்கும். முதல் நாள் வீட்டிலேயே ஒருமுறை பழகிப் பார்த்துவிட்டுப் போங்கள். நேர்காணலன்று கழிப்பறையில் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம் இல்லை இது.

மலைக்கு ஏறுகிறவர்களுக்கு

போடியிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, 17 கொண்டை ஊசி வளைவு கடந்து, சுமார் 1,400 மீட்டர் உயரத்திலிருக்கும் போடிமெட்டு வழியாக எஸ்டேட்டுக்குப் போகும் சூப்பர்வைசர், ரைட்டர் வேலைக்காரர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே இன் பண்ணுவது அழகுக்காக அல்ல, அட்டைக்காக. மழைக்காலத்தில் ஏலக்காட்டுக்குள் போனால் அட்டை காலில் ஏறும், செடியை உரசினால் இடுப்பிலும் ஏறும். நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸை பேண்ட்டுக்கு மேலே இழுத்து முழங்காலுக்குக் கீழே கட்டுவார்கள். அதோடு சட்டையும் இடைவெளியில்லாமல் பேண்ட்டுக்குள் இருந்தால்தான் அட்டைக்கு வழி அடைபடும்.

இந்த வேலைக்குக் கவட்டை எலாஸ்டிக் வேண்டாம். சரிவில் ஒவ்வொரு எட்டுக்கும் முழங்கால் மடங்கும்போது அது சாக்ஸை மேலே இழுத்து நெகிழ்த்தும். பாத வளையத்தை கம்பூட்டுக்குள் போடவே கூடாது. கிரிப்பரும், அதன் மேல் இடுப்புப் பட்டியும் போதும். ஜீப்பில் போகும்போது மேல் கம்பியைப் பிடிக்காமல் முன் சீட்டின் முதுகைப் பிடித்தால் இறங்கும்போது சட்டையும் இடத்தில் இருக்கும்.

பூச்சிமருந்து அடிக்கும் நாளில் மட்டும் எல்லாம் தலைகீழ். அன்று பேண்ட்டின் கால் பூட்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும், சட்டையும் வெளியே தொங்கட்டும். வழிகிற மருந்து துணியின் மேலேயே வழிந்து கீழே சொட்ட வேண்டும், பேண்ட்டுக்குள்ளும் பூட்ஸுக்குள்ளும் இறங்கக் கூடாது. வேலை முடிந்ததும் அந்த உடையைத் தனியாகத் துவையுங்கள், எலாஸ்டிக் சாமான்களை அன்று உடம்பில் வைத்திருக்கவே வேண்டாம்.

வெயில், வியர்வை, துவைப்பு

மேலே மூடுபனி, கீழே இறங்கினால் போடியில் சித்திரை வெயில். ரப்பரும் வியர்வையும் சேர்ந்த இடத்தில் படர்தாமரை வரலாம். இடுப்புப் பட்டியை வெறும் தோலில் கட்டாதீர்கள், சட்டைக்கு மேலேதான். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, தினமும் சாதாரண சோப்பில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். வெயிலில் போட்டாலும் பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் ஊறவைத்தாலும் எலாஸ்டிக் சீக்கிரம் செத்துவிடும். அதை அறிய வழி: இழுத்து விட்டுப் பாருங்கள், பழைய நீளத்துக்குத் திரும்பாமல் அலை அலையாகச் சுருண்டு நின்றால் தூக்கிப் போடுங்கள். ரப்பர் பட்ட இடம் சிவந்து அரித்தால் சிலிக்கான் புள்ளி வைத்த பட்டிக்கு மாறுங்கள்.

சென்னை நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். 2023 ஜூன் 15 முதல் போடியிலிருந்தே சென்னை சென்ட்ரலுக்கு வாரத்தில் 3 நாள் ரயில் இருக்கிறது, இரவு ஏறினால் காலையில் இறங்கலாம். ரயிலில் லுங்கியோ டிராக் பேண்ட்டோ போட்டுப் படுங்கள். சட்டையை ஹேங்கரோடு ஒரு கவரில் போட்டு ஜன்னல் கொக்கியில் மாட்டுங்கள். எலாஸ்டிக்கும் சாக்ஸும் ஒரே பையில் சேர்ந்து இருக்கட்டும், காலையில் ஒன்றைத் தேடி ஒன்று தொலையாது. சென்ட்ரலில் காத்திருப்போர் அறையில் குளித்து, அங்கே உடுத்திக்கொள்ளுங்கள். கிளம்புவதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கையையும் ஒருமுறை மேலே தூக்கி இறக்குங்கள். சட்டை திரும்ப வந்து உட்கார்ந்தால் ஆட்டோவுக்குக் கை காட்டலாம்.